மார்கழி மழையில் நிலாவெளி: படகு நின்றால், வீதி மூடினால் எப்படி நகர்வது?

கேள்வி சுருக்கமாக இது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்பது பேர் ஒரு வேனில் வருகிறார்கள். நடக்கச் சிரமப்படும் 74 வயது அம்மா, இரண்டு சின்னப் பிள்ளைகள், கனடாவிலிருந்து வந்திருக்கும் தம்பி குடும்பம் எல்லோரும் அதில் அடக்கம். டிசம்பர் 26 முதல் 30 வரை திருகோணமலை நிலாவெளியில் கடற்கரை ரிசோர்ட் ஒன்றில் அறை போட்டாயிற்று. புறாத்தீவு, கோணேஸ்வரம், கன்னியா பார்க்க வேண்டும். தம்பி குடும்பத்துக்கு 31ஆம் திகதி இரவு கட்டுநாயக்கவில் விமானம். மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

ஒரு விடயம் முதலில் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். நிலாவெளியில் உங்கள் தலையில் கொட்டும் மழை பயணத்தைக் குழப்புவது குறைவு. குழப்புவது மேலே ஹபரணைப் பக்கமும் மலைநாட்டிலும் பெய்து, குளங்களை நிரப்பி, ஒன்றிரண்டு நாள் கழித்து ஆறாக இறங்கிவரும் தண்ணீர். ரிசோர்ட் முற்றத்தில் வெயில் எறிக்கும் காலையிலேயே ஊரை விட்டு வெளியேறும் வீதி மூடியிருக்கலாம். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலின்போது நடந்தது இதுதான். புயல் கரையை விட்டு விலகிய பிறகுதான் மூதூர்ப் பக்கத்து மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டு, கீழ்ப்புறத்து மக்களை அவசரமாக வெளியேற்ற வேண்டி வந்தது. ஆகவே "மழை விட்டதும் கிளம்புவோம்" என்று காத்திருப்பது இந்த மாவட்டத்தில் பல நேரம் தலைகீழான கணக்கு.

எந்த மாதிரி மழை வரும்?

திருகோணமலையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழை பெரும்பாலும் பின்னேரத்தில் இடிமின்னலோடு வந்து கொஞ்ச நேரத்தில் போய்விடும். நீங்கள் வரும் மார்கழி வேறு விதம். வாடைக்காற்றோடு விட்டு விட்டு நாள் முழுக்கப் பெய்யும், இடையில் சில மணித்தியாலம் வெளிக்கும். இப்படியான நாட்களில் படகு மட்டும்தான் நிற்கும். பஸ், ஆட்டோ, வேன் எல்லாம் தாமதத்தோடு ஓடும்.

கதை மாறுவது வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால்தான். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்குச் சற்று வடக்கே, அதாவது நிலாவெளிக்கு மேலேயுள்ள கரையில்தான் ஏறியது. அப்படி ஒன்று வருமானால் இரண்டு மூன்று நாளுக்கு முன்பே அறிவிப்பு வந்துவிடும். அந்த அறிவிப்பு வந்தபின் இருக்கும் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒவ்வொரு நாளும் காலையிலும் பின்னேரமும் மூன்று அறிவித்தல்களைப் பாருங்கள், வேறெதுவும் தேவையில்லை. முதலாவது, வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை எதிர்வுகூறல். கிழக்கு மாகாணத்துக்கு 50 மில்லிமீட்டர் என்றால் குடையோடு சமாளிக்கலாம். 100 என்றால் பட்டினத்தின் பள்ளமான தெருக்களில் தண்ணீர் நிற்கும், சுற்றுலாவை அரை நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். 150ஐத் தாண்டும் என்று சொன்னால் அன்றைக்கு வேனை எடுக்காதீர்கள். இந்தப் பிரிப்பு என் தீர்ப்பு. அம்மாவும் பிள்ளைகளும் இருப்பதால் கொஞ்சம் இறுக்கமாகவே சொல்கிறேன். இரண்டாவது, அதே திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவித்தல். அது ஊர் ஊராக வராது. "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை" என்று கரையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காற்றின் வேகத்தைச் சொல்லும். நிலாவெளி அந்தத் துண்டுக்குள் வருகிறது. மூன்றாவது, பலர் பார்க்காமல் விடுவது: நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று நீர்மட்ட அறிவித்தல். அதில் மகாவலிக்கு மணம்பிட்டி, யான் ஓயாவுக்கு ஹொரவப்பொத்தானை என்ற இரண்டு பெயரைத் தேடுங்கள். ஏன் இந்த இரண்டு என்பது வீதிகளைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சுற்றுலா உதவி இலக்கம் 1912.

புறாத்தீவை இப்போதே அழித்துவிடுங்கள்

இதில் நான் தயங்கவில்லை. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இந்தத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தெரிவதால் "இவ்வளவு கிட்டத்தானே" என்ற நினைப்பு வரும். ஆனால் ஆபத்து இடையில் உள்ள தூரத்தில் இல்லை, இரண்டு நுனிகளிலும் இருக்கிறது. இங்கே இறங்குதுறை கிடையாது. பைபர் படகை மணலிலிருந்து தள்ளித்தான் கடலில் விடுகிறார்கள், தீவிலும் மணலில்தான் ஏற்றுகிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் வெளியிணைப்பு இயந்திரத்தின் விசிறி நிலத்தில் முட்டாமலிருக்க அதைத் தூக்கி வைக்க வேண்டும். அந்தச் சில விநாடிகள் படகுக்கு உந்துவிசை இல்லை. வாடைக்காற்றில் அலை நேரே இந்தக் கரையில் வந்து உடைகிறது. உந்துவிசை இல்லாத நேரத்தில் ஓர் அலை படகின் முகப்பைத் திருப்பினால் அடுத்த அலை பக்கவாட்டில் ஏறிப் படகை நிரப்பிவிடும்.

அப்படியே போய்ச் சேர்ந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை. கலங்கிய தண்ணீரில் பவளப்பாறை தெரியாது. இந்தக் கரையின் படகுக் காலம் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை; திமிங்கிலம் பார்க்கும் பயணங்களும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். டிசம்பரில் ஒரு நாள் கடல் அடங்கி, யாராவது வந்து "இண்டைக்குக் கடல் நல்லம், கொண்டுபோய் விடுறன்" என்று சொல்லக்கூடும். அப்போது வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டுக் கருமபீடம் திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது மூடியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. திறந்திருந்தாலும் பிள்ளைகளின் உடம்புக்கு அளவான உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய ஆளின் அங்கி சின்னப் பிள்ளையின் தலைக்கு மேலால் கழன்றுவிடும். பிள்ளைகளுக்குத் தீவு இல்லை என்பதை யாழ்ப்பாணத்திலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள். அங்கே வந்து கரையில் நின்று சொல்வது கஷ்டம்.

கடலில் குளிப்பதும் இதே கணக்குத்தான். இந்தக் காலத்தில் முழங்கால் தண்ணீருக்கு மேல் யாரும் இறங்க வேண்டாம். நீச்சல் தடாகத்தில் இறங்கலாம். இடி கேட்டால் ஏறிவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை திரும்ப இறங்காதீர்கள்.

ரிசோர்ட்டிலிருந்து பட்டினத்துக்கு

நிலாவெளியிலிருந்து திருகோணமலைப் பட்டினம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பிரதான வீதி சாம்பல்தீவுப் பாலம், உப்புவெளி வழியாகப் போகிறது. வழக்கமான வாடை மழையில் அது பெரிய தொல்லை தராது. தொல்லை தருவது அந்த வீதிக்கும் ரிசோர்ட்டுக்கும் இடையிலுள்ள ஒழுங்கை. நிலாவெளி ஹோட்டல்கள் பல பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளிக் கடற்கரை மணலில் இருக்கின்றன. மணல் தண்ணீரை உறிஞ்சிவிடும், ஆனால் மணல்மேட்டுக்கும் வீதிக்கும் நடுவில் கிடக்கும் பள்ளக்காணிதான் குளமாகும். அறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், வாசலுக்குப் போகும் ஒழுங்கையில் மட்டும் அரை அடி தண்ணீர் நிற்கும். வரும் முன் ஹோட்டலுக்கு எடுத்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "பெருமழை நாளில் உங்கள் ஒழுங்கைக்குள் வேன் வருமா? வராவிட்டால் வயதானவரை எப்படி உள்ளே கொண்டுபோவீர்கள்?" பதிலில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். தார் போட்ட வீதியை ஒட்டிய உப்புவெளி ஹோட்டல் ஒன்று, உங்கள் கூட்டத்துக்கு நிலாவெளியை விட வசதி என்பது என் எண்ணம். பட்டினத்துக்கு 5 கிலோமீட்டர் அளவுதான், ஆஸ்பத்திரியும் கிட்ட.

சொந்த வேன் நிற்கும்போது பஸ்ஸைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் வேன் ஒழுங்கைக்குள் மாட்டினால் அதுதான் மிச்சம். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் ஓடும் பஸ்கள் நிலாவெளிப் பிரதான வீதியால்தான் போகும். கை காட்டினால் நிற்கும், ஒழுங்கைக்குள் வராது. மழை நாளில் பின்னேரத்துக்குப் பிறகு பஸ்ஸை நம்ப வேண்டாம். ஆட்டோ என்றால் ஒருவழிக்குப் பேசாதீர்கள். மழையில் திரும்பி வர இன்னொன்று பிடிப்பது பாடு; போக, காத்து நிற்க, வர என்று மொத்தமாகப் பேசிக் கொள்ளுங்கள். ஒன்பது பேருக்கு மூன்று ஆட்டோ. பக்கத்துப் படங்கு இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று ஏறும் முன் பாருங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருந்தே நனைவீர்கள்.

தண்ணீர் கடக்கும் விடயத்தில் சாரதிக்கு முன்கூட்டியே ஒரு எல்லை சொல்லி வையுங்கள். ஓடும் தண்ணீர் 15 சென்றிமீட்டர் வந்தாலே பெரிய ஆளின் கால் வாரும். 30 சென்றிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 60இல் வேனையும் இழுத்துக்கொண்டு போகும். தேங்கி நிற்கும் தண்ணீர் என்றால் சில்லின் நடுக்குமிழ் மட்டும்தான் எல்லை. ஓடும் தண்ணீர் என்றால், தார் வீதியின் கோடு தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள். அடியில் வீதியின் ஓரம் அரித்துப் போயிருந்தாலும் மேலே இருந்து பார்க்கத் தெரியாது. தண்ணீருக்குள் இயந்திரம் நின்றுபோனால் சாவியைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது. காற்று இழுக்கும் குழாயால் உள்ளே போன தண்ணீர் சிலிண்டருக்குள் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அந்தச் செலவு உங்கள் முழு விடுமுறைச் செலவைத் தாண்டும். தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தண்ணீரைக் கடந்து வந்தால் கொஞ்ச தூரம் பிரேக்கை மெதுவாக அழுத்தியபடி ஓடி அதைக் காயவையுங்கள்.

எதை எப்போது பார்ப்பது

கோணேஸ்வரத்தை முதல் வெளிப்பிலேயே முடித்துவிடுங்கள், கடைசி நாளுக்குத் தள்ள வேண்டாம். பிரட்ரிக் கோட்டை வாசலால் வாகனம் உள்ளே போகும். ஆனால் நிறுத்துமிடத்திலிருந்து கோயிலுக்கு ஏற்றம். காலணி கழற்றி ஈரக் கல்லில் நடக்க வேண்டும். கோயில் நிற்கும் சுவாமி மலை கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறை என்பதால் கீழே இளங்காற்றாக இருப்பது மேலே குடையைப் புரட்டும். அம்மாவுக்குக் குடை கொடுக்காதீர்கள், மழை அங்கி போட்டு ஒரு கையை விடாமல் பிடியுங்கள். மழை நின்று ஒரு மணித்தியாலம் கழித்துப் போனால் கல் ஓரளவு காய்ந்திருக்கும். அந்தப் பாறையில் பிளவாகத் தெரியும் இராவணன் வெட்டுப் பக்கம் பிள்ளைகளைக் காற்று நாளில் கொண்டுபோக வேண்டாம். திருவெம்பாவை நாட்களாக இருந்தால் விடியற்காலையில் சனம் கூடும். அம்மாவுக்காகக் காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்த நேரத்தைப் பிடியுங்கள்.

கன்னியா வெந்நீரூற்றுக்குத் தூறல் ஒரு தடையே இல்லை. ஏழு கிணறும் வெட்டவெளியில் இருக்கின்றன. வெயிலில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொள்வதை விட மழைக்குளிரில் ஊற்றிக்கொள்வதுதான் சுகம், சனமும் குறைவு. அனுராதபுர வீதியில் பட்டினத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர். பெருமழைக்கு அடுத்த நாள் மட்டும் போகாதீர்கள், சுற்றிவர சேறும் வழுக்கலும்.

வெளியே நிற்கவே முடியாத நாளுக்கு டச்சுக் குடாவை அடுத்திருக்கும் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் போதும், பழைய ஒல்லாந்தர் கட்டடம். பிறகு பத்திரகாளி அம்மன் கோயில். இரண்டும் பட்டினத்துக்குள் கிட்டக் கிட்ட, ஒரே முறை வேன் ஏறி இறங்கினால் முடிந்துவிடும்.

ஊரை விட்டு வெளியேறும் நான்கு வீதிகள்

இங்கேதான் கவனம் முழுவதும் வேண்டும். நீங்கள் வரும் வழி: ஏ-9இல் வவுனியா, அங்கிருந்து ஏ-29இல் ஹொரவப்பொத்தானை, பிறகு ஏ-12இல் திருகோணமலை. வவுனியாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிடும் குறுக்குவழி. ஆனால் ஹொரவப்பொத்தானையில் யான் ஓயா குறுக்கே ஓடுகிறது. அது பெருகினால் ஏ-29இல் வந்தாலும் அனுராதபுரத்திலிருந்து ஏ-12இல் வந்தாலும் ஒரே இடத்தில்தான் மாட்டுவீர்கள். அதே யான் ஓயா பிறகு வடகிழக்காகப் போய்ப் புல்மோட்டைப் பக்கம் கடலில் விழுகிறது. அதனால் நிலாவெளியிலிருந்து வடக்கே போகும் கரையோர வீதியும் அதே வெள்ளத்தில் அடிபடும். ஓர் ஆறு, இரண்டு வெளிவழி. கைபேசி வரைபடம் முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பக்கத்தால் ஒரு வழியைக் காட்டினாலும் மாரியில் அதை எடுக்காதீர்கள். களப்பைச் சுற்றி உள்ளே வளைந்து போகும் பாதை, நடுவில் மாட்டினால் உதவிக்கு ஆள் இல்லை.

தெற்கே ஏ-15: கிண்ணியா, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்பு. 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, பழைய மிதவைப் படகுகளுக்குப் பதிலாகப் பாலங்களாகவே போகலாம். ஆனால் மகாவலி கடலில் விழும் நிலம் அது. பாலங்கள் நிற்கும், பாலத்துக்கு ஏறும் வீதிதான் முழுகும். மணம்பிட்டியில் மகாவலி உயர்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஓரிரு நாளில் மூதூர், வெருகல் பக்கம் வந்து சேரும். அதனால்தான் மணம்பிட்டி அளவைப் பார்க்கச் சொன்னேன். உங்களுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. சுற்றிப் பார்க்கவும் இந்தப் பருவத்தில் வேண்டாம். வீதி முழுகிய இடத்தில் யாராவது மிதவையிலோ தோணியிலோ கடத்திவிட வந்தால் ஏறாதீர்கள். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஓடிய மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். அது வெள்ளத்துக்குள்கூட இல்லை, வழக்கமான காலைப் பயணம்.

மிஞ்சுவது ஏ-6: கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். நான்கில் நான் முதலில் நம்புவது இதைத்தான். சீனக்குடாவின் மா ஆலை, சீமெந்து, எண்ணெய் லொறிகள் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. மரம் விழுந்தாலும் மதகு உடைந்தாலும் முதலில் ஆள் வருவது இங்கே. தண்ணீர்ப் பிரச்சினை வருமிடம் கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடைப்பட்ட வயல்வெளி. கந்தளாய்க் குளம் வான் பாய்ந்தால், அல்லது வான்கதவு திறக்கப் போவதாக அறிவித்தால், அந்தப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் கடவுங்கள். கந்தளாய்க்கு அப்பால் ஹபரணை வரை தண்ணீரை விட யானை பெரிய விடயம். பொழுதுபட்ட பிறகு அந்தக் காட்டு வீதியில், மழையில், முகப்பு விளக்கை மட்டும் நம்பி ஓட வேண்டாம். மாலை 6 மணிக்கு முன் ஹபரணையைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது அன்றைக்குக் கிளம்பவே கூடாது.

வரும்போது ஹொரவப்பொத்தானை மூடியிருந்தால் இதே ஏ-6தான் மாற்றுவழி. ஏ-9இல் தொடர்ந்து தெற்கே மரதன்கடவலை வரை போய், அங்கே ஏ-11இல் கிழக்கே திரும்பி ஹபரணை, அங்கிருந்து ஏ-6இல் கந்தளாய். வவுனியாவிலிருந்து கணக்கிட்டால் நேர்வழியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தூரம். இதை வவுனியாவிலேயே தீர்மானிக்க வேண்டும். ஏ-29க்குள் இறங்கி ஹொரவப்பொத்தானை வரை போய்த் திரும்பி வந்தால் பகல் முழுதும் போய்விடும். வவுனியாவில் தேநீருக்கு நிற்கும்போது, திருகோணமலையிலிருந்து வந்து சேர்ந்த பஸ் சாரதி ஒருவரிடம் கேளுங்கள். எந்த அறிவித்தலை விடவும் அவருக்குப் புதிதாகத் தெரியும்.

ரயிலைப் பற்றி ஒரு வரி. கல்ஓயாச் சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக வரும் ஒற்றைத் தடம் அது. தடத்தின் மேல் தண்ணீர் நின்றால், வடிந்த பிறகும் அடியில் கல் அரித்திருக்கிறதா என்று பரிசோதித்துத்தான் ரயிலை விடுவார்கள். அதனால் வீதி திறந்த பிறகும் ரயில் ஓடாமல் இருக்கும். பாதி வழியில் நிறுத்தி இறக்கிவிடவும் கூடும். விமானத்துக்குப் போகும் குடும்பம் இதை நம்பக் கூடாது.

ஹோட்டலில்

மின்சாரம் போவது சாதாரணம். ஜெனரேற்றர் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். "அறைக்கும் ஓடுமா, தண்ணீர்ப் பம்புக்கும் ஓடுமா, எத்தனை மணித்தியாலத்துக்கு டீசல் இருக்கும்?" என்று பிரித்துக் கேளுங்கள். அம்மாவுக்குக் கீழ்மாடி அறை, ஆனால் கடற்பக்கம் அல்ல, வீதிப்பக்கம். புயல் எச்சரிக்கை வந்தால் கடல் ஏறி வருவது முன்வரிசை அறைகளுக்குத்தான். அம்மாவின் மருந்து, பிள்ளைகளின் பால்மா, எல்லோருடைய கடவுச்சீட்டும் இரட்டைப் பொலித்தீனில் ஒரே பையில், எப்போதும் ஒருவரின் கையில் இருக்கட்டும். காசு தாளாக வைத்திருங்கள். இணைப்புப் போனால் அட்டையும் வேலை செய்யாது, காசு இயந்திரமும் வேலை செய்யாது. தொட்டியில் டீசல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

31ஆம் திகதி விமானம்

30ஆம் திகதி நண்பகல் அறையை விட்டு, 31 காலை நிதானமாகக் கட்டுநாயக்க என்பது உங்கள் திட்டமாக இருந்தால் மாற்றுங்கள். நல்ல நாளில் திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க 6 மணித்தியாலம் அளவு, மழையில் 8 என்று வையுங்கள். அதோடு கடைசிப் பகுதியிலும் தண்ணீர் உண்டு. கிரிஉல்ல பக்கம் மகா ஓயாவும், மினுவாங்கொடை, ஜாஎல பக்கம் அத்தனகலு ஓயாவும் பெருகும் ஆறுகள். தம்பி குடும்பம் 30ஆம் திகதி காலை 7 மணிக்கு நிலாவெளியை விட்டு, அன்றிரவு நீர்கொழும்பில் படுக்க வேண்டும்.  எல்லோரும் ஒரே வேனில் போகாமல், அவர்களுக்குத் தனி வாகனம் பேசுவது நல்லது. யாழ்ப்பாணம் திரும்புகிறவர்களுக்கு ஒரு நாள் பிந்தினால் நட்டமில்லை, தம்பி குடும்பத்துக்குப் பிந்தக் கூடாது.

28ஆம் திகதிக்குள் தாழமுக்க எச்சரிக்கை வந்தால் 30 வரை காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே ஏ-6இல் அனுப்பிவிடுங்கள். எச்சரிக்கை வந்தும் நின்று, காற்று தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு கிளம்புவதை விட ஹோட்டலுக்குள் இருப்பது பாதுகாப்பு. காற்று திடீரென்று அடங்கினால் புயல் முடிந்துவிட்டது என்று எண்ணி வெளியே வராதீர்கள். அது புயலின் நடுக்கண்ணாக இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து திரும்ப அடிக்கும்.

வீதி எல்லாம் மூடி, விமானத்தைப் பிடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால், உள்வழியால் முயன்று பார்ப்போம் என்று சாரதியை நெருக்க வேண்டாம். விமானம் புறப்படும் நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்கு எடுத்துத் திகதியை மாற்றக் கேளுங்கள். புறப்பட்ட பிறகு எடுத்தால் வராத பயணி என்று பதிந்து, பல சீட்டுகளில் மிச்சப் பயணமும் சேர்ந்து இரத்தாகும். வீதி மூடிய அறிவித்தலைக் கைபேசியில் படம் பிடித்துத் திகதி தெரியச் சேமித்து வையுங்கள். பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் பிறகு கேட்கப் போவது அதைத்தான்.